ரொட் ஹோல்டரை எங்கே பூட்டுவது?
காற்றுப் படகில் தூண்டில் போடும் ரொறன்ரோத் தமிழருக்கு ஒரு திறந்த மடல்



சனிக்கிழமை விடியமுன், சுருட்டிய படகைக் காரின் பின்பெட்டியில் வைத்துக்கொண்டு ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ் பக்கமிருந்து சிம்கோ ஏரிக்கும் ரைஸ் ஏரிக்கும் கவார்த்தா ஏரிகளுக்கும் புறப்படுகிற அண்ணைமாருக்கும் தம்பிமாருக்கும், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருகிற அக்காமாருக்கும் இந்த மடல் எழுதப்படுகிறது. காற்று நிரப்பும் படகுக்கு ட்ரெய்லர் வேண்டாம், கராஜ் வேண்டாம். அடுக்குமாடியில் இருப்பவரும் கட்டிலுக்குக் கீழே வைத்துக்கொள்ளலாம். படகு வாங்கியவருக்கு அடுத்து எழுகிற கேள்வி ரொட் ஹோல்டர் என்ற தூண்டில் தடி தாங்கிதான். துடுப்பு வலிக்க இரண்டு கையும் வேண்டும். தடியை எங்கேயாவது வைத்தாக வேண்டும்.

அந்தக் கேள்விக்குக் கடையில் கிடைக்கிற பதில் பெரும்பாலும் அலுமினியப் படகுக்கு உரியது. உலோக விளிம்பில் நான்கு துளை, நான்கு ஸ்குரூ, வேலை முடிந்தது. அதே பழக்கத்தைக் காற்றுப் படகுக்குக் கொண்டுவரும்போதுதான் காற்று நிற்கிற ரியூப் கிழிகிறது, தடி தண்ணீருக்குள் போகிறது, ஆளும் தடுமாறுகிறார். இம்மடல் கேட்பது இதுதான்: தடியின் பாரத்தைப் படகில் பொருத்திய மரப்பலகையின் மேல் ஏற்றுங்கள், ரியூபின் தோலில் ஏற்றாதீர்கள். தாங்கியை, இருந்த இடத்தை விட்டு எழும்பாமல் கை எட்டுகிற தூரத்தில் பூட்டுங்கள்.

இந்த வகைப் படகுக்கும் கனடாவின் நீருக்கும் உள்ள உறவு பழையது. 1840களில் பீற்றர் ஹல்கெற் என்ற பிரித்தானியக் கடற்படை அதிகாரி, ரப்பர் பூசிய துணியால் காற்று நிரப்பும் படகுகளைச் செய்தார். ஹட்சன் பே கம்பனியின் மருத்துவரும் ஆய்வுப் பயணியுமான ஜோன் ரே, அவற்றில் ஒன்றை 1846இல் ஆர்க்டிக் பயணத்துக்குக் கொண்டுபோனார். அப்போது ரிப்பல்ஸ் பே என்றும் இப்போது நௌஜாற் என்றும் அழைக்கப்படுகிற இடத்தில், வலை போடவும் வலையைப் பார்க்கவும் அந்தப் படகு பயன்பட்டது. வலையை இழுத்தவரின் கைதான் அதன் பாரத்தைத் தாங்கியது. படகின் தோலில் எதையும் பூட்ட வேண்டியிருக்கவில்லை. தாங்கியில் நிற்கிற தூண்டில் தடி அப்படியல்ல. அது படகில் பூட்டிய ஒரு நெம்புகோல்.

அந்த நெம்புகோலின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். தடியின் நீளம் ஏழு அடி, அதாவது ஏறத்தாழ 2.1 மீற்றர். தாங்கியிலிருந்து நுனி வரை 1.8 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். மீன் நுனியை 3 கிலோ விசையில் குறுக்காக இழுத்தால், அடியில் விழுகிற திருப்பம் 5.4 கிலோ-மீற்றர். தாங்கியின் அடித்தளம் 10 சென்ரிமீற்றர் அகலமானால், அதன் ஒரு ஓரத்தை 54 கிலோ மேலே தூக்குகிறது, மறு ஓரத்தை அதே அளவு கீழே அமுக்குகிறது. தடி வளைவதால் உண்மையில் இது ஓரளவு குறையும். ஆனால் தூண்டில் அடியிலுள்ள பாறையில் சிக்கி, காற்று படகைத் தள்ளிக்கொண்டு போனால், இழுப்பு 3 கிலோவுக்கு மேலே போக நொடி போதும். அடித்தளம் 30 சென்ரிமீற்றர் அகலமானால் அதே திருப்பத்துக்கு ஓர விசை 18 கிலோவாக இறங்கிவிடுகிறது. ஒரு முழுக் குறுக்குப் பலகையில் பூட்டினால், படகின் அகலம் முழுவதுமே அடித்தளமாகிவிடும்.

பசையின் இயல்பையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். காயத்துக்கு ஒட்டிய பிளாஸ்டரைத் தோலோடு ஒட்டப் பக்கவாட்டில் இழுத்தால் வராது, ஓரத்தைக் கிளப்பி உரித்தால் சுலபமாக வந்துவிடும். படகுப் பசையும் அப்படித்தான். உயர்ந்து நிற்கிற தாங்கி, மீன் இழுக்கிற ஒவ்வொரு தடவையும் ஒட்டின் ஓரத்தைத்தான் கிளப்புகிறது.

சரி, உங்கள் படகு என்ன துணி? தாங்கி வாங்கமுன் தெரிய வேண்டியது இது. நம்மிடம் புழங்குகிற படகுகள் மூன்று வகை. முதலாவது, உள்ளே துணியே இல்லாத வினைல் படகு. இன்டெக்ஸ் கம்பனியின் சீஹோக் போன்றவை இந்த வகை. இரண்டாவது, நெய்த துணியின் மேல் பிவிசி பூசியது; பின்னால் மரப் பலகை வைத்து மோட்டர் பூட்டுகிற சிறு படகுகளில் அதிகம் காணப்படுவது. மூன்றாவது, ஹைப்பலோன் என்று எல்லோரும் அழைக்கிற செயற்கை ரப்பர் பூசியது. அந்தப் பெயர் டுபொன்ட் கம்பனியுடையது. 2010இல் அந்தக் கம்பனி உற்பத்தியை நிறுத்திவிட்டது. அதே வகை ரப்பரை வேறு கம்பனிகள் இப்போதும் செய்கின்றன. வெயிலையும் பெற்றோலையும் தாங்குவதில் இந்த மூன்றாவது வகைக்கு நல்ல பெயர் உண்டு; விலையும் அதற்கேற்ப.

வினைல் படகுக்காரர்களுக்கு நல்ல செய்தி, அவற்றில் பலவற்றில் தாங்கி ஏற்கனவே இருக்கிறது. சீஹோக் 4, எக்ஸ்கேர்ஷன் 5 ஆகியவை தடி வைக்கிற குழிகளோடுதான் வருகின்றன. பேர்ச், சன்ஃபிஷ் பிடிக்கிற மெல்லிய தடியை, படகு நங்கூரத்தில் நிற்கும்போது வைக்க அவை போதும். சால்மனுக்கோ மஸ்கிக்கோ உரிய தடியை அதில் வைத்து மோட்டரில் இழுத்துக்கொண்டு போவது அந்த வினைல் செய்யக்கூடிய வேலையல்ல. அதற்கு மேல் வேண்டுமென்றால் வினைலில் எதையும் ஒட்டாமல் பலகைக்குப் போய்விடுவதே நல்லது.

பலகை எப்படிச் செய்வது?

மரக்கடையில் இரண்டுக்கு ஆறு என்று விற்கிற பலகையின் உண்மை அளவு 38 மில்லிமீற்றர் தடிப்பும் 140 மில்லிமீற்றர் அகலமும். அது இந்த வேலைக்குத் தாராளம். பாரம் குறைவாக வேண்டுமானால் 18 மில்லிமீற்றர் மரைன் பிளைவுட். இரண்டு பக்க ரியூபின் மேலும் நன்றாகப் படிந்து கிடக்கிற நீளத்துக்கு அறுக்க வேண்டும். நான்கு மூலைகளையும் எல்லா ஓரங்களையும் அரத்தாளால் உருட்டி, கையால் தடவினால் எங்கும் குத்தாத அளவுக்கு மினுக்க வேண்டும். ரியூபில் படுகிற அடிப்பக்கத்தில் நுரைப் பட்டையோ பழைய கார்ப்பெற் துண்டோ ஒட்ட வேண்டும். மணல் சிக்கினால் மரமும் அரமாகிவிடும். பிறகு 25 மில்லிமீற்றர் நாடாவையும் கொக்கியையும் கொண்டு, படகில் ஏற்கனவே இருக்கிற டி வளையங்களிலோ இருக்கைத் தண்டவாளத்திலோ துடுப்புப் பூட்டிலோ இழுத்துக் கட்ட வேண்டும். பிடிகயிறு ஆள் பிடித்துக்கொள்வதற்கானது. அதில் பலகையைக் கட்டக் கூடாது.

தாங்கியின் அடித்தளத்தைப் பலகையில் பூட்டுவதற்கு ஸ்குரூ போதாது. துருப்பிடிக்காத எஃகு போல்ட் நான்கு, அடியில் வாஷரும் நட்டும். நட்டு ரியூபை உரசாமல் இருக்க, தாங்கியை ரியூபின் மேல் வைக்காமல் அதன் உட்பக்கமாக, வெறும் வெளிக்கு மேலே வருமாறு வைக்கலாம். அப்படி வைத்தால் தடியை எடுக்க வெளியே சாயவும் வேண்டியதில்லை. இந்தப் பலகை இருக்கையாக வராது. ஆள் இருக்கிற இடத்துக்குச் சற்று முன்னால், முழங்காலுக்கு நேரே கிடந்தால் இரண்டு தடியும் பார்வைக்குள் இருக்கும், கையும் எட்டும்.

மரப் பின்பலகை உள்ள படகில் தாங்கியை அங்கேயே பூட்டுகிறவர்கள் உண்டு. மோட்டரின் பாரத்தைத் தாங்கச் செய்த பலகை தடியின் பாரத்துக்கு அஞ்சாது. ஆனால் துளை போட்ட இடத்தில் தண்ணீர் ஊறினால் பிளைவுட் உள்ளே உக்கிப்போகும். எனவே ஒவ்வொரு துளையையும் மரைன் சீலன்ட் கொண்டு அடைத்துத்தான் போல்டை இறுக்க வேண்டும். நூல் மோட்டர் விசிறியில் சுற்றாத அளவுக்குத் தாங்கி ஓரமாகத் தள்ளியும் இருக்க வேண்டும்.

ஒட்டுகிற தாங்கி மோசமானது என்று இம்மடல் சொல்லவில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஸ்கொட்டி, நியூசிலாந்தின் ரெயில்பிளேசா ஆகிய கம்பனிகள் காற்றுப் படகுக்கென்றே ஒட்டுத் தளங்கள் செய்கின்றன. துணி உள்ள பிவிசி படகிலும் ஹைப்பலோன் படகிலும் அவை முறையாக ஒட்டினால் நன்றாக நிற்கும். பிழையாகிப் போவது பெரும்பாலும் ஒட்டுகிற முறைதான்.

பிவிசிக்கு இரண்டு பாகங்களைக் கலக்குகிற பொலியூரிதேன் பசை; ஹைப்பலோனுக்கு நியோபிரீன் வகைப் பசை. ஒன்றை மற்றதில் போட்டால் முதல் நாள் ஒட்டியது போலத் தெரியும், வெயிலில் கழன்றுவிடும். சூப்பர் குளூ காய்ந்ததும் கண்ணாடிபோல விறைத்துவிடும். மடிந்து நிமிர்கிற தோலில் அது வெடிக்கும். குழாய் ஓரங்களுக்குப் பூசுகிற சிலிக்கோனும் இதற்கு உதவாது. பசையின் கலவை அளவு, ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் இடையே காத்திருக்கிற நேரம் எல்லாம் டின்னில் எழுதியிருக்கும். அதை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்ற வேண்டும். பொதுவாக வேலை இப்படிப் போகும்: தளத்தின் அளவைப் பென்சிலால் வரைந்து, உரிய கரைப்பானால் துடைத்து, ஹைப்பலோனானால் அரத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்து, இரண்டு பக்கமும் மெல்லிய பூச்சாகப் பூசி, விரலில் ஒட்டும் ஒட்டாத பதம் வந்ததும் நடுவிலிருந்து ஓரத்துக்கு உருளையால் அழுத்த வேண்டும். குமிழ் ஒன்றுகூட இருக்கக் கூடாது. பிறகு டின்னில் சொன்ன நேரம், பெரும்பாலும் ஒரு நாளோ அதற்கு மேலோ, பாரம் ஏற்றாமல் விட வேண்டும்.

ஈரப்பதம் இந்தப் பசைகளுக்கு எதிரி. ஒன்ராறியோவின் ஜூலை மாதத்துப் புழுக்கத்தில், மழை பெய்த மறுநாள் காலை ஒட்டுவதைவிட, உலர்ந்த ஒரு நாள் மத்தியானத்துக்காகக் காத்திருப்பது நல்லது. கரைப்பானின் ஆவி நெஞ்சுக்குக் கூடாது, தீயும் பற்றும். ஆகவே பேஸ்மென்றில் வைத்து ஒட்டவே வேண்டாம். பிள்ளைகள் உறங்குகிற வீட்டுக்குள் அந்த டின்னைத் திறக்கக் கூடாது.

பூட்டி முடித்ததும் ஏரிக்குப் போகமுன் வளவிலேயே சோதித்துப் பார்க்கலாம். கொழும்புக்குப் போகும்போது பெட்டி நிறுக்கிற கைத்தராசு ஒன்று அநேகமாக ஒவ்வொரு வீட்டிலும் கிடக்கும். படகில் காற்றடித்து, தடியைத் தாங்கியில் வைத்து, நூலின் நுனியைத் தராசில் கட்டி 3 கிலோ காட்டும்வரை இழுத்துப் பிடிக்க வேண்டும். பின்னால், பக்கவாட்டில், மேலே என்று திசையை மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். ஒட்டின் ஓரம் எங்கே கிளம்புகிறது, பலகை எங்கே நழுவுகிறது, நாடா எங்கே தளர்கிறது என்பதெல்லாம் அப்போது கண்ணுக்குத் தெரியும். அதே தராசில் ரீலின் டிராக்கையும் சரிபார்த்துவிடலாம். நூலின் பலத்தில் நாலில் ஒரு பங்கு இழுப்பிலேயே ரீல் நூலை விட வேண்டும் என்பது அனுபவசாலிகளின் கணக்கு. 10 இறாத்தல் நூலென்றால் இரண்டரை இறாத்தல். தடி தாங்கியில் இருக்கும்போது அதைவிடத் தளர்வாக இருந்தாலும் கெடுதியில்லை. மீன் நூலைத்தான் இழுக்கும், படகை அல்ல.

தண்ணீரில் இறங்கியபின் படகு தளர்வதையும் கணக்கில் எடுக்க வேண்டும். துணியுள்ள படகின் ரியூபில் வழக்கமாக 0.25 பார் அளவு காற்று இருக்கும். வெப்பநிலை ஒரு பாகை குறைந்தால் அழுத்தம் ஏறத்தாழ 4 மில்லிபார் குறையும். மே மாதத்தில் கரையில் 25 பாகை வெயிலில் காற்றடித்து, 10 பாகைத் தண்ணீரில் இறக்கினால், ரியூப் முழுதாகக் குளிரும்போது ஏறத்தாழ 60 மில்லிபார், அதாவது நாலில் ஒரு பங்கு, இறங்கிவிடும். இறுக்கிக் கட்டிய பலகை அப்போது ஆடத் தொடங்கும், தாங்கியும் சாயும். இறக்கிக் கால்மணி நேரம் கழித்து இன்னொரு தடவை பம்ப் பண்ணினால் சரி. மாலையில் கரையேற்றி வெயிலில் விட்டால் மறுபக்கமாக நடக்கும்; அப்போது கொஞ்சம் காற்றைத் திறந்துவிட வேண்டும்.

இத்தனை கணக்கும் எதற்கு என்று கேட்கலாம். ஒரு தடி போனால் இன்னொன்று வாங்கலாம்தானே?

தடிக்காக மட்டும் எழுதவில்லை. எட்டாத இடத்தில் பூட்டிய தாங்கியில் மீன் கொத்தித் தடியின் மணி அடித்தால், ஆள் எழும்புகிறார். சிறு காற்றுப் படகில் எழும்பி ஒரு பக்கம் சாய்வதுதான் தண்ணீரில் விழுவதற்கு எளிய வழி. தெற்கு ஒன்ராறியோவின் பல ஏரிகளில் வோல்ஐ பருவம் மே மாதத்தில் திறக்கிறது. வெயில் சுள்ளென்று அடிக்கும், தண்ணீரோ பனிக்கட்டி கரைந்து சில கிழமைகளே ஆனது. குளிர்நீர் பற்றி மனிற்றோபா பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் ஆராய்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ற், ஒன்று-பத்து-ஒன்று என்று ஒரு கணக்குச் சொல்கிறார்: மூச்சைக் கட்டுப்படுத்த ஒரு நிமிடம், கைகால் சொல்வழி கேட்கிற நேரம் பத்து நிமிடம், குளிரில் நினைவு தப்ப ஒரு மணி நேரம். லைஃப் ஜக்கற் போடாதவருக்கு அந்த முதல் நிமிடமே போதாமல் போகலாம். நீச்சல் தெரியும், கடற்கரையில் பிறந்து வளர்ந்தவன் என்பது 8 பாகைத் தண்ணீரில் எடுபடாது. பாக்குநீரிணையின் நீர் வேறு, இந்த நீர் வேறு.

கனடாவின் சிறுகல விதிகள் ஆளுக்கொரு லைஃப் ஜக்கற்றைப் படகில் வைத்திருக்கச் சொல்கின்றன. 15 மீற்றர் மிதக்கும் எறிகயிறு, தண்ணீர் இறைக்க வாளியோ பம்போ, விசில் போன்ற ஒலிக்கருவி ஆகியவற்றையும் கேட்கின்றன. பற்றரி மோட்டர் பூட்டினால்கூட ஓட்டுபவருக்குப் படகோட்டும் அட்டை வேண்டும். இவையெல்லாம் படகில் இருக்க இடம் வேண்டும். அந்த இடத்தைத் தாங்கிகள் தின்னக் கூடாது.

எத்தனை தாங்கி வேண்டும் என்பதற்கும் சட்டமே பதில் சொல்கிறது. ஒன்ராறியோவில் பொதுவாக ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு தூண்டில்தான் போடலாம். பேரேரிகளின் குறிப்பிட்ட பகுதிகளில் மட்டும் படகிலிருந்து இரண்டு போடலாம். கவார்த்தா ஏரியில் தனியாகப் போகிறவருக்கு ஆறு தாங்கி தேவையில்லை. தண்ணீரில் இருக்கிற தடிக்கு ஒன்று, மாற்றுத் தடியைக் கிடத்திவைக்க ஒன்று. கூடுதலாகப் பூட்டுகிற ஒவ்வொன்றும் இன்னொரு ஓரம், இன்னொரு கொக்கி, பிள்ளையின் கால் இடறுகிற இன்னொரு இடம்.

கொக்கி என்றதும் இன்னொன்று. காற்றுப் படகில் கூரான பொருள்களுக்கெல்லாம் ஒரு வீடு வேண்டும். மூன்று முனைக் கொக்கி உள்ள லூரைத் தடியில் தொங்கவிட்டபடி தாங்கியில் நிறுத்தினால், படகு ஆடும்போது அது ரியூபிலேயே போய்க் கொத்தும். கொக்கிக்கு மூடி போட வேண்டும், அல்லது ரீலுக்கு மேலுள்ள வளையத்தில் மாட்டி நூலை இறுக்க வேண்டும். கரையில் ஸீப்ரா சிப்பிகள் இருக்கிற ஏரிகளும் பல. 1980களின் கடைசியில் பேரேரிகளுக்குள் வந்த இந்தச் சிப்பியின் ஓடு கத்திபோல வெட்டும். படகைக் கரையில் இழுக்காமல் தூக்கி வையுங்கள். புல்ஹெட் கெளிற்றின் முள்ளும் மெல்லிய வினைலைத் துளைக்கும். பிடித்த மீனை வாளியில் போட்டால் அந்தப் பயம் இல்லை. சொந்தப் படகின் துணிக்குரிய ஒட்டுத் துண்டும் பசையும் பம்பும் எப்போதும் கூட வர வேண்டும். தடிக்கு ஒரு மெல்லிய கயிற்றுப் பிணைப்பும், சிக்கினால் அறுக்க ஒரு கத்தியும் உறையோடு கைக்கெட்டிய இடத்தில் இருக்கட்டும்.

கடைசியாக மூன்று வேண்டுகோள்.

பழைய படகை இன்னொருவருக்குக் கொடுக்கிறவர்கள், அது வினைலா, பிவிசியா, ஹைப்பலோனா என்பதைப் படகிலேயே அழியாத மையால் எழுதிக் கொடுங்கள். வாங்குகிறவர் சரியான பசையை வாங்குவதற்கு அது ஒன்றே போதும்.

பலகை அறுக்கவும் போல்ட் பூட்டவும் தெரிந்த அண்ணைமார் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். பருவம் திறக்கமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவரின் வளவில் கூடி, புதிதாகத் தொடங்குகிற தம்பிமாருக்கு ஒரு பலகையாவது செய்து காட்டுங்கள். தராசில் கட்டி இழுத்துப் பார்ப்பதையும் அன்றைக்கே செய்துவிடலாம்.

பிடித்த மீனோடு படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பும்போது, லைஃப் ஜக்கற்றைக் கழற்றாமல் போட்டபடி நின்று எடுங்கள். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அடுத்த கிழமை இன்னொரு குடும்பம் படகு வாங்கப் போகிறது.

அன்புடன்,
உங்களோடு அதே ஏரிகளில் தூண்டில் போடும் ஒருவர்